திங்கள் முதல் வெள்ளி வரை

காலை எட்டே முக்காலுக்கு
பர்ன்லி மழையில் நனைந்து வந்த கூரியர்க்காரன்
இங்கே ஒரு கையெழுத்து என்றான்.
போட்டேன்.
அப்போதிலிருந்து நிலாவுக்கு நான் பொறுப்பு.

என் மொழியில் திங்கள் என்றால் நிலா.
திங்கட்கிழமை பார்த்து அது வந்து சேர்ந்ததை
இந்த ஊரில் யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

பள்ளி ஆய்வுகூடத்தில் எனக்கு
குடுவை கழுவுவது, அமிலம் அளப்பது,
கொடுத்த காந்தங்களை எண்ணி வாங்குவது வேலை.
எப்போதும் இரண்டு குறையும்.

கறுப்புப் பெட்டி. இரண்டு பூட்டு. ஒரு விதித்தாள்:
தனியே விடக்கூடாது,
இரவில் இரும்புப் பெட்டகத்தில் வைக்கவேண்டும்.
எங்களிடம் இருக்கும் ஒரே பெட்டகத்தில்
மாதிரித் தேர்வின் வினாத்தாள்கள்.
அவற்றை ஒரு பக்கம் தள்ளி
நிலாவுக்கு இடம் செய்தோம்.

ஓர்மரோட் மிஸ் நெட்பால் சொல்லித்தர வந்தவள்.
இயற்பியலுக்கு ஆள் கிடைக்காததால்
இரண்டு வருடமாக இயற்பியலும் அவள்தான்.
முதல்நாள் இரவு படித்து
பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பக்கம் முன்னால் ஓடுகிறவள்.
கேள்வி வந்தால் கழுத்து சிவக்கும்.
அது பாடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்.
போன மாதம் குடுவை அலமாரிக்குப் பக்கத்தில் நின்று
ராஜினாமாக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள்.
ஒரு எழுத்துப்பிழை இருந்தது.
சொல்லவில்லை.

செவ்வாய், ஒன்பதாம் வகுப்பில் பெட்டியைத் திறந்தோம்.
கண்ணாடி போன்ற ஒரு வட்டத்துக்குள் ஆறு துணுக்குகள்.
ஒன்று மிளகளவு.
ஒன்று வெறும் பொடி, அடுப்புச் சாம்பல் நிறம்.
இவ்வளவுதானா என்றாள் ஜோடி.
யாரும் சிரிக்கவில்லை.
ஊதினால் பறந்துவிடும் என்பதுபோல
மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தான் ஹாரூன்.
செப்டம்பரிலிருந்து மேசையைவிட்டுத் தலையெடுக்காத கானர்
எழுந்து நின்றான்.
"மிஸ், இதுக்கு எத்தனை வயசு?"

கூட வந்த கையேட்டைப் புரட்டி
முன்னூறு கோடிக்கும் மேல் என்றாள்.
"அதுக்கு முன்னால அங்க என்ன இருந்தது?"

கழுத்து சிவந்தது.
கடிகாரம் உதவவில்லை, இன்னும் இருபது நிமிடம்.
அவள் கையேட்டைத் திருப்பி
வகுப்புக்குக் காட்டினாள்.
கல்லை ஆராய்ந்தவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள்:
இதுபற்றி இன்னும் முழுதாகத் தெரியவில்லை.
"எனக்கும் தெரியாது," என்றாள்.

அந்த அறையில் அந்தச் சொல்லை
நான் கேட்டது அதுவே முதல் தடவை.
அது தரையில் விழவில்லை.
பந்துபோல எழும்பி
கைக்குக் கை போனது, பின்வரிசைவரை,
கானர் விடுவதாயில்லை.

வியாழன் அன்று டானியா கேட்டாள்,
யாராவது மோந்து பார்த்தார்களா என்று.
பார்த்தார்கள், கலத்துக்குள் திரும்பித் தலைக்கவசம் கழற்றியபின்,
உடுப்பில் ஒட்டிவந்த தூசியை.
வெடித்து முடிந்த மருந்தின் வாடை என்றார்களாம்.
"அது எப்படி இருக்கும், மிஸ்?"

தெரியாது என்றாள், இம்முறை சுலபமாக.
பிறகு, ஏனோ, என்னைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும்.
இவர்கள் வயதுதான் எனக்கு,
கிளிநொச்சியில், ஒரு பள்ளிக்கூட மேசைக்கு அடியில்,
கணக்குக் கொப்பியை மூக்கோடு அழுத்திக்கொண்டு.

காந்தத் தட்டைக் கீழே வைத்தேன்.
"நவம்பர் ஐந்து வாணவேடிக்கை முடிந்து
மறுநாள் காலை பூங்காவுக்குள் நடந்திருக்கிறீர்களா,
ஈரப்புல்லில்?"
ஓ, அதுவா என்றார்கள்.
இருபத்தெட்டு மூக்குகள் காற்றை இழுத்தன.
நிலா அப்படி மணக்கும் என்று எழுதிக்கொண்டார்கள்.
பொய்யில்லை.
அளந்து ஊற்றினேன், அவ்வளவுதான்.

வெள்ளி மூன்று மணிக்கு அதே கூரியர்க்காரன்.
பூட்டு இரண்டையும் சரிபார்த்தேன், கையெழுத்து வாங்கினேன்.
பெட்டகத்தில் வினாத்தாள்கள் தம் இடத்துக்குத் திரும்பின.
மிஸ் ஒரு படிவத்தோடு வந்தாள், அடுத்த ஆண்டு இரவலுக்கு.
பொறுப்பாசிரியர் பெயர் என்ற கோட்டின்மேல்
நெடுநேரம் பேனாவை வைத்திருந்தாள்.
பிறகு என்னிடம் பென்சில் கேட்டாள்.
கொடுத்தேன். எழுதினாள்.

காந்தங்களை எண்ணினேன்.
மூன்று குறைந்தது.